கரையில் பொறுக்கிய கல்

எங்கள் வீட்டுப் பெருமாள் எலுமிச்சம்பழம் அளவுதான் இருப்பார். கன்னங்கரேலென்று, வழவழவென்று, ஒரு பக்கம் சின்னத் துவாரம். அதற்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தால் சக்கரம் தெரியும். சாளக்கிராமம். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கல்லில் அவர் தானாகவே இருக்கிறார் என்பது எங்கள் நம்பிக்கை. கொள்ளுத்தாத்தா காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். என் அப்பா கண்ணை மூடுவதற்கு முன் என் கையில் கொடுத்தார். நான் என் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். இதற்கு உயில் கிடையாது, பத்திரம் கிடையாது. தினமும் தீர்த்தமாட்டி, துளசி சாத்தி, சமைத்ததை அவருக்குக் காட்டிவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம். பத்தாவது வரை படித்து, திருவானைக்காவலில் காபிப்பொடி அரைத்து விற்றே ஆயுசைக் கழித்த எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

பிள்ளை ஜெர்மனியில் இருக்கிறான். ஸ்ரீரங்கத்துக்கு வந்தால் நாலு நாள் தங்குவான், அதில் மூன்று நாள் மாமனார் வீட்டுக்குச் சரியாகிவிடும். போன வருஷம் போன் செய்து, "அப்பா, நீயும் அம்மாவும் வாங்கோ. கப்பல்ல ஒரு வாரம் சுத்தலாம். தீவெல்லாம் காட்டறேன்" என்றான்.

"நாம இருக்கறதே தீவுதானேடா. இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம்" என்றாள் என் மனைவி.

"இது வேற தீவும்மா."

எனக்குத் தீவிலும் ஆசையில்லை, கப்பலிலும் ஆசையில்லை. ஒரு வாரம் காலையில் அவன் என் பக்கத்தில் இருப்பான் என்பதுதான் எனக்குப் பட்டது. பெருமாளுக்குத் தினப்படி பூஜை, எங்கள் பேச்சில் திருவாராதனம், எப்படிச் செய்வதென்று காட்டிக்கொடுத்துவிடலாம். எனக்கு வயதாகிவிட்டது. பெருமாளை அவன் கையில் சேர்த்துவிட்டால் என் வேலை முடிந்தது. அதற்காகத்தான் சரி என்றேன்.

வெளியூர் போனால் பெருமாளை அடுத்த தெருவில் இருக்கும் என் மாமா பிள்ளை வீட்டில் விட்டுவிட்டுப் போவது வழக்கம். நாங்கள் கிளம்பும் சமயத்தில் அவனுடைய பங்காளி ஒருவர் காலமாகி, அந்த வீட்டில் தீட்டு. வேறு யாரிடமும் விட மனசில்லை. பட்டுப் பையில் வைத்து, அதை என் தோள்பையில் வைத்துக் கூடவே எடுத்துக்கொண்டேன். திருச்சி ஏர்போர்ட்டில் பையைத் திறந்த பையன், "சாமிங்களா? பத்திரமா எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அங்கே போய்ப் பிள்ளை, மாட்டுப்பெண், பேரக்குழந்தைகளோடு கப்பல் ஏறினோம். எங்கள் அறையில் கண்ணாடி மேஜையைத் துடைத்து அவரை எழுந்தருளப் பண்ணினேன். அடுப்பு கூடாது என்றார்கள். இவள் மூட்டை கட்டிக்கொண்டு வந்த அவலைத் தயிரில் ஊறவைத்தாள். பால், வாழைப்பழம். அதுதான் நைவேத்யம், அதுதான் எங்களுக்கும் சாப்பாடு. கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க ஊர்றது பறக்கறது எல்லாம் தட்டுல இருக்கு. நம்ம அவலே தேவாமிர்தம்" என்றாள்.

முதல் நாள் காலையில் பிள்ளையைக் கூப்பிட்டேன். தூக்கம். மறுநாள் ஜிம். அதற்கடுத்த நாள், "நாளைக்குக் கண்டிப்பா வரேம்பா" என்றான்.

அந்த நாளைக்குத்தான் தீவு வந்தது. இத்தாலிக்காரர்களின் தீவு. காலையில் இறங்கிச் சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்குள் திரும்பிவிட வேண்டும். நான் தோள்பையை மாட்டிக்கொண்டதைப் பார்த்து அவன் நின்றான்.

"அதை எதுக்குப்பா தூக்கிண்டு வரே? ரூம்ல லாக்கர் இருக்கே."

"லாக்கர்ல வைக்கறதுக்கு அவர் என்ன நகையா? ரூம் கூட்டறவன் வருவான், போவான். மத்தியானம் ஒரு பழமாவது காட்டணும்."

"உன் இஷ்டம்."

அந்தக் கடலைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் அடிவரைக்கும் தெரிந்தது. கரை பூராவும் கூழாங்கல், வெள்ளையும் கறுப்புமாக. ஓரத்தில் ஒரு பலகை. கல்லை எடுக்கும் கை ஒன்றைப் படம் போட்டு, அதன் மேல் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். பேரக்குழந்தைகள் கல் பொறுக்க ஓடியதும் பிள்ளை அதட்டினான். "இங்க ஒரு கல்லுகூட எடுக்கப்படாது. எடுத்தா போலீஸ்ல ஃபைன் போடுவா." அந்த ஊரில் கல்லுக்கு இருக்கும் மரியாதையைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மத்தியானம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பெருமாளுக்கு அத்திப்பழம் காட்டினேன். மாட்டுப்பெண் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

திரும்பும்போது துறைமுகத்தில் நீள வரிசை. பைகளை மெஷினில் விட்டுப் பார்த்தார்கள். மாட்டுப்பெண், குழந்தைகள், இவள் எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். என் பை நின்றுவிட்டது. யூனிஃபார்ம் போட்ட ஒரு சின்னப் பெண் பட்டுப் பையைப் பிரித்துப் பெருமாளை வெளியே எடுத்தாள். அவள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் அன்று பயணிகளிடம் பறித்த கூழாங்கல்லும் கிளிஞ்சலும் பாதி நிறைந்திருந்தது.

"காட்" என்றேன். எனக்கு வந்த இங்கிலீஷ் அதுதான்.

அவள் கேலி செய்யவில்லை. பெருமாள் மேல் ஒட்டியிருந்த காய்ந்த துளசியை விரலால் எடுத்து மோந்து பார்த்தாள். துவாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். என்ன இது என்று என் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து இருக்குன்னு சொல்லுடா. இந்தியாவுலேர்ந்து கொண்டு வந்ததுன்னு சொல்லு. திருச்சியிலேயே பார்த்தான்னு சொல்லு."

பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். பிறகு அவளிடம் பேசினான். நான் அதிகம் படிக்காதவன்தான். கிரிக்கெட் கமென்டரி கேட்டுப் பழகிய காது என்னுடையது. ஓல்ட் மேன் என்றான். பீச் என்றான். ஹி டஸ் நாட் நோ என்றான். சாரி என்றான்.

அந்தப் பெண் உடனே நம்பிவிடவில்லை. என்னைப் பார்த்தாள், கையிலிருந்த துளசியைப் பார்த்தாள். "பீச்?" என்று அவனிடம் இன்னொரு தடவை கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான்.

அவள் பெருமாளைத் தொட்டியில் போட்டாள். கல்லோடு கல் மோதுகிற சத்தம். பட்டுப் பையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"என்னடா சொன்னே?"

"அப்பா, ப்ளீஸ். இங்க வாதம் பண்ணிண்டு நின்னா யாரையாவது வரவழைப்பா, எழுதி வாங்குவா, கப்பல் போயிடும். தெரியாம எடுத்துட்டார்னு சொன்னதாலதான் ஃபைன் இல்லாம விட்டா."

"அது நம்ம பெருமாள்டா."

"கல்லுதானேப்பா. வேற வாங்கிக்கலாம். ஆன்லைன்லயே கிடைக்கறது."

நான் திரும்பினேன். தொட்டிக்கும் எனக்கும் பத்தடி இருந்திருக்காது. அவன் என் முழங்கையைப் பிடித்தான். நான் இழுக்க இழுக்க இறுக்கிப் பிடித்துக் கப்பல் பக்கம் நடத்தினான். வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். வயசான அப்பாவை இவ்வளவு பதவிசாகக் கூட்டிப்போகும் பிள்ளை என்று நினைத்திருப்பாள்.

பட்டுப் பை காலியாக இருந்ததைப் பார்த்ததும் இவளுக்குப் புரிந்துவிட்டது. அவனிடம்தான் சொன்னாள்: "நீ பொறந்ததும் உன் நாக்குல முதல்ல பட்டது அவரோட தீர்த்தம். அந்த நாக்கு."

"அம்மா, நீயும் ஆரம்பிக்காதே."

கப்பல் நகர்ந்தபோது மேல் தட்டில் பாட்டுப் போட்டு எல்லோரும் ஆடினார்கள். நான் அறையை விட்டு வரவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு மேஜை முன்னால் நின்றேன். கை துளசி டப்பாவுக்குப் போனது. யாருக்கு? அவல் ஊறிக்கொண்டிருந்தது. அதைக் காட்டாமல் வாயில் போடத் தெரியவில்லை. அன்று பிள்ளை தானாகவே வந்தான், கையில் பழத் தட்டோடு.

"சாப்பிடுப்பா. உடம்பு கெட்டுடும்."

அத்தனை நாள் கூப்பிட்டு வராதவன் அன்றைக்கு வந்து என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தோம். விஷயம் கேள்விப்பட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். "அந்தத் தேசத்துலயும் இருக்கணும்னு அவரே சங்கல்பம் பண்ணிண்டு எழுந்தருளிட்டார்" என்றார் ஒருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ரங்கநாதர் சன்னதியில் நின்று நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. அவர் எழுந்தருளவில்லை. என் பிள்ளை தலையை ஆட்டினான், அவரைத் தூக்கிப் போட்டார்கள். இதில் சங்கல்பம் எங்கே வந்தது?

ஒரு மாதம் கழித்து கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பஞ்சுக்குள் பஞ்சு வைத்து, ஒரு சாளக்கிராமம். பழையவரைவிடப் பெரியவர். சக்கரம் விளக்கில்லாமலே தெரிகிறது. ஒரிஜினல் என்று ஒரு காகிதமும் கூட இருந்தது. திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அவன் பண்ணினதுக்கு இவர் என்ன செய்வார்? வாசல்ல வந்து நிக்கறவரைப் பட்டினி போடுவேளா?" என்றாள் இவள்.

பஞ்சைப் பிரித்து அவரை வெளியே எடுத்தேன். தீர்த்தமாட்டினேன். அன்றைக்கு வெண்பொங்கல் காட்டினோம். அன்றிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. கை பாட்டுக்குச் செய்கிறது, வாய் பாட்டுக்குச் சொல்கிறது. மனசு வரும்போது வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பிள்ளை, "இப்ப திருப்திதானேப்பா?" என்றான். போனைப் பெருமாள் பக்கம் திருப்பிக் காட்டினேன். "சூப்பரா இருக்கார்" என்றான்.

போன வாரம் என் மாமா பிள்ளை வந்திருந்தான். தீர்த்தம் கொடுத்துவிட்டு அவனிடம் சொன்னேன்: "எனக்கப்பறம் இவரை நீ எடுத்துண்டு போயிடு."

அவன் திடுக்கிட்டான். "என்ன அத்தான் இது? பிள்ளை இருக்கச்சே நான் எப்படி எடுத்துக்கறது? நாளைக்கு அவன் வந்து என்னைக் கேக்க மாட்டானா?"

"கேக்க மாட்டான்" என்றேன்.

இவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மறுத்துச் சொல்வாள் என்று நினைத்தேன். உள்ளே போய் அவனுக்கும் சேர்த்து இலை போட்டாள்.