பொட்டு வைத்த மிக்சர் பெட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். எட்டாம் வகுப்போடு பேனாவை வைத்துவிட்டுப் பைப் ரெஞ்சைத் தூக்கியவன் நான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் என் கை பட்டவை. எழுத்து அப்படிக் கை பட்டதில்லை. அதைவிடப் பெரிய தயக்கம், இது என் வீட்டுக்காரி செண்பகத்தைப் பற்றியது. எழுதப்போகிறேன் என்று வாயெடுத்தாலே, "என்னயப் பத்தி ஊருக்குச் சொல்லணுமாக்கும்? வேற வேல இல்லையா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். நானும் சரி என்று விட்டுவிடுவேன்.

ஆனால் இந்தக் கதை நான் எழுதாமலே தாராவியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருவர் சொன்னால், அம்மன் கண் திறந்து மைக்கின் வாயை அடைத்தாள். எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் அண்ணாச்சி சொன்னால், எல்லாவற்றையும் கண்டுபிடித்தது அண்ணாச்சி. அம்மனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலையில் அவள் பெயரைச் சொல்லாமல் நான் ஒரு வாய் காப்பி குடிப்பதில்லை. இருந்தாலும் நடந்தது நடந்தபடி ஒரு இடத்தில் இருக்கட்டும் என்று போன மாதம்தான் தோன்றியது.

போன மாதம் கோபர்கைரனேயில் செண்பகத்தின் தம்பி மகளுக்கு வளைகாப்பு. அத்தைதான் பாட வேண்டும் என்று பிடிவாதம். ஹாலில் ஒலி பார்க்க ஓர் இளைஞன் வந்திருந்தான். கையில் பிள்ளைகளின் சிலேட்டு அளவுக்கு ஒரு கண்ணாடித் திரை. அதைத் தடவிக்கொண்டே ஹால் முழுக்க உலாத்துகிறான். நான் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவன் மாதிரி மேடைக்குப் பக்கத்தில் குனிந்து குனிந்து தேடினேன்.

"என்னா அங்கிள், என்ன தேடுறீங்க?"

"பெட்டி எங்க தம்பி?"

"இதான் அங்கிள் பெட்டி" என்று சிலேட்டைக் காட்டினான்.

மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்தேன். ஒரு வாசமும் இல்லை. மைக் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கிற எங்கள் கோயில் மிக்சர் பெட்டிக்கு வாசம் உண்டு. சூடான தூசி வாசம், அதற்கு மேலே சந்தன வாசம். மிக்சர் பெட்டிக்குச் சந்தனம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது எங்கள் கோலி, அதாவது குடியிருந்த ஒற்றை அறை, தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது. சந்தின் முனையில் அம்மன் கோயில். வைகாசியில் கொடைத் திருவிழா. திருநெல்வேலிப் பக்கத்துச் சனம் அத்தனையும் அன்றைக்கு அந்தச் சந்துக்குள்தான் நிற்கும். செண்பகம் கல்யாணமாகி வந்த புதிது. இந்தி வராது, மராத்தி வராது, தமிழிலும் அதிகம் பேச மாட்டாள். ஆனால் காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தை வைத்துவிட்டு அம்மன் பாட்டு ஒன்றை மெதுவாக எடுப்பாள். வரிசையில் நிற்கிற பெண்கள் சண்டையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தண்ணீர்ச் சண்டையை நிறுத்திய குரல் என்றால் அது எப்படிப்பட்ட குரல் என்று பம்பாய்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வருஷக் கொடையில் பெண்கள் எல்லாரும் தள்ளிவிட்டு அவளை மைக் முன்னால் நிறுத்தினார்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் அண்ணாச்சி. அண்ணாச்சி நல்ல மனிதர், பை பட்டறை முதலாளி. ஆனால் பக்தி என்றால் சத்தம் என்பது அவர் சித்தாந்தம். செண்பகத்தின் குரல் மெல்லியது. "அம்மனுக்குக் கேக்காண்டாமாலே?" என்று சொல்லிக் குமிழைக் கடைசிவரை திருப்பினார். ஊய்ங் என்று ஒரு கூவல். தெருநாய்கள் எல்லாம் பதில் சொல்லின. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. செண்பகம் முதல் வரியின் பாதியில் நிறுத்தினாள். பாதி வரியை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இனிமே பாட மாட்டேன். கேட்டுராதிய" என்றாள். கோயிலில் மட்டுமில்லை, குழாயடியிலும் பாடவில்லை. எனக்குக் காலை நேரமே ஊமையாகிப்போனது. அடுத்த கொடைக்குள் இவள் வாயைத் திறக்க வை தாயே என்று வெள்ளிக்கிழமை தோறும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தாய் கேட்டதாக நினைக்கிறேன். ஆனால் அவள் அனுப்பிய வழி மாட்டுங்கா வழி. அங்கே ஒரு சங்கீத சபாவில் மாடித் தொட்டி ஒழுகுகிறது என்று போயிருந்தேன். இடையில் இன்னொரு வால்வு எதற்கென்று தெரியாமல் திறந்து பார்த்தேன். என் குழாயில் ஒன்றும் வரவில்லையே என்று திறந்தபடியே விட்டுவிட்டேன். அது பக்கத்துக் கிளைக் குழாய். கீழ்த்தளத்து வீட்டுப் பூஜை அறையில் சுவாமி படங்கள் மிதந்தனவாம். சபா செக்ரட்டரி மாமா ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவருக்குச் சிரிப்புதான் வந்தது. "பிள்ளையாருக்குச் சதுர்த்திக்கு முன்னாடியே விசர்ஜனம் பண்ணிட்டியேடா!" என்றார். அன்றைக்கு அந்த மாடியில்தான் பெட்டியைப் பார்த்தேன். இரும்பு மேசை மாதிரி ஒன்று, முழுக்கக் குமிழ்கள். "புதுசு வாங்கியாச்சு. இது இடத்த அடைச்சுண்டு கெடக்கு. கோவிலுக்குன்னா எடுத்துண்டு போயேன்" என்றார் மாமா. காலடியில் சாய்த்து வைக்கும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்றையும் சேர்த்துத் தந்தார்.

கைவண்டியில் வைத்து ஊர்வலம் மாதிரி கொண்டுவந்தோம். அடுத்து வந்தது ஆயுத பூஜை. அண்ணாச்சி பட்டறைத் தையல் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு மிக்சர் பெட்டிக்கும் வந்தார். தையல் மெஷினுக்கு வைக்கிற மாதிரியா வைத்தார்? விக்கிரகத்துக்கு வைக்கிற மாதிரி, மேலும் கீழும் தள்ளுகிற கட்டை ஒவ்வொன்றுக்கும் குழைத்த சந்தனம். நானும் பக்கத்தில் நின்று மணியாட்டினேன். சந்தனம் அந்தக் கட்டைகள் ஓடுகிற பிளவுக்குள் இறங்கி, காய்ந்து, இறுகிவிட்டது. மறுநாள் ஒரு கட்டையும் நகரவில்லை.

ரேடியோ ரிப்பேர் கடை காதர் பாயைக் கூப்பிட்டோம். மேலப்பாளையத்துக்காரர், எனக்கு மாமன் முறை வைத்துப் பேசுகிறவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, மெசினுக்கு எண்ணெ தேச்சித் தலைக்கு ஊத்தலியா? அது ஒண்ணுதான் பாக்கி" என்றார். சிரித்துக்கொண்டே ஸ்பிரிட் போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தார். கட்டைகள் ஓடின. ஆனால் ஏற்கெனவே தேய்ந்திருந்த எழுத்துகள் ஸ்பிரிட்டோடு போய்விட்டன. எந்தக் குமிழ் எதற்கு என்று சொல்ல ஒரு எழுத்து மிச்சமில்லை. காதர் பாய் கையைத் துடைத்தார். "உயிரக் கொடுத்துட்டேன். பேரு வைக்கிறது உங்க பாடு."

சந்தன வாசம் மட்டும் போகவில்லை. பெட்டி சூடாகும்போதெல்லாம் கிளம்பும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கோயிலில் ஆள் இருக்காது. நான் பெட்டி முன்னால் உட்கார்ந்து திருப்பிப் பார்ப்பேன். மைக்கில் பேச ஓர் ஆள் வேண்டுமே. செண்பகத்தை அழைத்தேன்.

"பாட மாட்டேன்."

"பாட வேண்டாம். சும்மா பேசு."

"என்னத்தப் பேச?"

"வாய்ல வந்தத."

மளிகைச் சாமான் சொல்ல ஆரம்பித்தாள். "உளுந்து... சீரகம்... நல்லெண்ணெ..." என்று அம்மன் சன்னதியில் எங்கள் வீட்டு அரிசி பருப்பெல்லாம் ஒலிபரப்பானது. மேல் வரிசைக் குமிழைத் திருப்பினால் சத்தம் கூடியது. கீழே கட்டையைத் தள்ளினாலும் கூடியது. இரண்டும் ஒரே வேலைதானே, எதற்கு இரண்டு என்று எனக்கு ஓடவில்லை. மேலே குறைத்துக் கீழே முழுக்க ஏற்றினால் குரலோடு இரைச்சலும் வந்தது. மேலே முழுக்கத் திருப்பினால் கீழே லேசாகத் தொட்டாலும் குரல் உடைந்தது.

அவள் மைக்கை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். "இதுக்கா இம்புட்டு யோசன? வாசல்ல வால்வு இருக்கு, அடுப்படியில குழாய் இருக்கு. வால்வ அளவாத் தெறந்தாத்தான குழாய் சொன்ன பேச்சு கேக்கும்?"

வால்வோடு காலம் தள்ளுகிறவன் நான். எனக்கு இது தோன்றவில்லை. அவள் தன் பொட்டு அட்டையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை உரித்து மேல் குமிழில் ஒட்டினாள். "இது வால்வு. மறந்துராதிய."

அப்படித்தான் பெட்டிக்கு ஒவ்வொரு பொட்டாக ஏறியது. குரலைக் கனமாக்குவதற்கும் மெலிதாக்குவதற்கும் பச்சைப் பொட்டு. அதில் நடுக் குமிழைத் தப்பாகத் திருப்பினால், "எனக்குச் சளி பிடிச்ச மாரி இருக்கே" என்பாள். ஒரு குமிழ் சத்தத்தை இடது பக்கமோ வலது பக்கமோ ஒதுக்கியது. எங்களுக்கு இடது ஸ்பீக்கர் கோயிலுக்குள், வலது ஸ்பீக்கர் தெருவில். ஆகவே அண்ணாச்சியின் வரவேற்புரையை முழுக்கத் தெருவுக்கே அனுப்பிவைக்கலாம் என்று தெரிந்தது. செண்பகம் சிரித்தாள். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு, அதுவும் மைக்கில்.

ஒரு வரிசைக் குமிழ்கள் மட்டும் எதுவுமே செய்யவில்லை. செத்த குமிழ் என்று அண்ணாச்சி எல்லாவற்றையும் கடைசிவரை திருப்பி வைத்திருந்தார். "சும்மா கெடக்கட்டும்லே, நல்லதுதான்." இந்தப் பெட்டி வந்தும் கூவல் நின்றபாடில்லை. ஒருநாள் அந்த வரிசையில் ஒன்றைச் சும்மா முன்னும் பின்னும் திருப்பினேன். எனக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை.

"ஏங்க! இங்ஙன கேக்கு!"

"எங்க?"

"என் காலடியில. நீங்க திருப்புத திருப்புக்கு நான் பேசுதது எனக்கே கூடிக் கொறஞ்சு கேக்கு!"

மாட்டுங்கா பூஜை அறை கண் முன்னால் வந்தது. என் குழாயில் வரவில்லை என்பதால் திறந்துவிட்ட வால்வு! இது கிளைக் குழாய். பாடுகிறவர் காலடி ஸ்பீக்கருக்குத் தனியாகப் போகிறது. நாங்கள் செத்ததென்று நினைத்து முழுக்கத் திறந்துவிட, அந்த ஸ்பீக்கர் கக்கியதை மைக் குடித்து, குடித்ததை மறுபடி கக்கி, நிரம்பி வழிந்ததுதான் அந்தக் கூவல். எல்லாவற்றையும் குறைத்தேன். கூவல் நின்றது. கோயிலில் அப்படி ஓர் அமைதி. அவள் எழுந்து வந்து அந்த வரிசைக்குக் கறுப்புப் பொட்டு ஒட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பிறகு மறுபடி, "சீரகம்" என்றாள். ஆனால் அந்தச் சீரகத்தில் லேசாக ராகம் இருந்தது. நான் கவனிக்காதவன் போல இருந்துவிட்டேன். கவனித்ததாகக் காட்டினால் நிறுத்திவிடுவாள்.

வைகாசி வந்தது. மதியக் கொடை. அண்ணாச்சி பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னலே இது, மெசினு சடங்கான பிள்ள மாரி பொட்டு வச்சி நிக்கி?" என்றார். ஆர்மோனியக்காரர் தன் சத்தம் போதவில்லை என்றார், ஏற்றினேன். டோலக்குக்காரர் தனக்கும் என்றார், ஏற்றினேன். பெண்கள் குழு எழுந்தது. செண்பகம் கடைசியாக நின்றாள். பாடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை கூவினால் இந்த ஜென்மத்துக்குப் பாட மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

"பொம்பளயாளு கொரலு கேக்கவே கேக்காது. ஏத்துலே!" அண்ணாச்சியின் கை நீண்டது.

அப்போது மேடையிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். கையால் கீழே, கீழே என்று காட்டினாள். எனக்குச் சட்டென்று காலைத் தண்ணீர் வரிசை ஞாபகம் வந்தது. ஒருவன் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுவான். தனக்கு வரவில்லையே என்று அடுத்தவனும் போடுவான். கடைசியில் யாருக்கும் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அவளை ஏற்ற வேண்டியதில்லை, மற்றவர்கள் மோட்டாரை நிறுத்த வேண்டும்.

அண்ணாச்சி கையைப் பிடித்து மரியாதையாக ஒதுக்கினேன். டோலக்கை இறக்கினேன். ஆர்மோனியத்தை இறக்கினேன். அவள் காலடிக்கு மட்டும் கறுப்புப் பொட்டைக் கொஞ்சமாகத் திறந்தேன். அவள் மைக்குக்கான கட்டையில் அவள் நெற்றியில் வைக்கிற அதே அரக்குப் பொட்டு ஒட்டியிருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு தாயே என்றேன்.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் முதலில் வந்தது பாட்டில்லை. அவள் மூச்சு. பயத்தை உள்ளே இழுத்துத் தைரியத்தை வெளியே விடப்போகிற மூச்சு. அதற்குப் பின்னால் குரல் வந்தது. போன வருஷம் விழுங்கிய அதே பாதி வரியிலிருந்து தொடங்கினாள்.

சந்து அடங்கியது. பட்டறைகளில் மெஷின் நின்றது. காதர் பாய் கடையை விட்டு வெளியே வந்து நின்றார்.

"யாருலே அது பாடுதது?" என்றார் அண்ணாச்சி மெதுவாக. அண்ணாச்சி மெதுவாகப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரி, அண்ணாச்சி."

"இத்தன நாளு எங்கலே வச்சிருந்த?"

"இங்ஙனதான் இருந்தா. நாமதான் எல்லாரும் மோட்டார் போட்டு இழுத்துட்டோம்."

மறுநாள் காலை குழாயடியில் குடம் வைத்தவுடனே பாட்டு வந்தது. பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு நின்று கேட்டேன்.

அந்தச் சந்து இப்போது இல்லை. அங்கே மாடிக் கட்டடம் நிற்கிறது. குழாயடி இல்லை, வரிசை இல்லை, ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வருகிறது. பிளம்பராக அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும், படுகிறேன். பெட்டி ஒரு மழைக்காலத்தில் உள்ளே கருகிப்போய், பொட்டுகளோடு பங்கார் வண்டியில், அதாவது பழைய இரும்புக்காரன் வண்டியில், ஏறியது. அண்ணாச்சி கல்யாணில் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் இன்னும் சத்தமாகத்தான் பேசுகிறார்.

கோபர்கைரனேயில் செண்பகம் அன்றைக்கு நன்றாகவே பாடினாள். குரல் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஆனால் எனக்கு ஏதோ ஒன்று குறைந்தது. அந்த இளைஞனிடம் போனேன்.

"தம்பி, பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வரும். அதக் காணோமே?"

"அது நாய்ஸ் அங்கிள். சின்னச் சத்தத்த எல்லாம் அடைக்கிற கேட் போட்டு கட் பண்ணிட்டேன்" என்றான் பெருமையாக. நல்ல பையன், வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறான். என்ன சொல்வது, "நல்லா இருந்துது தம்பி" என்று தோளைத் தட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் ரயிலில் செண்பகத்திடம் சொன்னேன். "நல்லாத்தான இருந்திச்சி? பேசாம வாங்க" என்றாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பி மெதுவாக ஒரு வரியை எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் அந்த மூச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

இவ்வளவுதான் நடந்தது. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இதைச் சொன்னால், ஏற்றாமல் இறக்காமல் இப்படியே சொல்லுங்கள். அண்ணாச்சியைப் பெரிதாக்க வேண்டாம், என்னையும் வேண்டாம். வாய்விட்டுச் சொல்வதானால், தொடங்குவதற்கு முன் ஒரு மூச்சு வருமே, அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.