மேல் அம்பை அழுத்தினால் வரும் வரி

காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டர் டெர்மினலின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் குளிரில் விறைத்த விரல்கள் அந்தச் சூட்டில்தான் இளகும். கூடவே சுட்ட தூசியின் வாசனை...

எண்பதுகளின் கடைசி. மழை அளவுகளைச் சேர்த்துவைக்கும் சின்ன ஆபீஸ். தாண்டிக்குடி, அடுக்கம் என்று மலை முழுக்க இருந்து நோட்டுகள் வரும். புஷ்பா அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். தினக்கூலி.

நானும் தினக்கூலிதான். நோட்டுகளை அடுக்கித் தருவேன். இருவரில் அவளை நிரந்தரமாக்கச் சொல்லி அந்த மாதம்தான் மேலிடத்துக்குக் கடிதம் போயிருந்தது.

முன்பெல்லாம் கட்டளையில் ஓர் எழுத்து பிசகினால் மொத்த வரியையும் மறுபடி அடிக்க வேண்டும். மதுரையிலிருந்து வந்த எஞ்சினியர் ஒருவர் டேப்பில் புது மென்பொருள் கொண்டுவந்து போட்டார். அதற்குள் ரீட்லைன் என்றொரு லைப்ரரி, அதாவது உதவி நிரல். வரிக்குள் முன்னும் பின்னும் போய்த் திருத்தலாம். கீபோர்டில் மேல் அம்பை அழுத்தினால் முன்பு அடித்த வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். என்டர் தட்டினால் போதும்.

புஷ்பா சிரித்தாள். "தப்புப் பண்ணா திருத்திக்கன்னு மெஷினு சொல்லுது. இந்த மலையில வேற யாருண்ணே சொல்றா?"

எங்கள் அதிகாரிக்கும் தனி லாகின் இருந்தது. தொடமாட்டார். பாஸ்வேர்டு அடிப்பது குமாஸ்தா வேலையாம். புஷ்பா எழுந்து நிற்க வேண்டும், அவள் திறந்துவைத்ததில் அவர் உட்காருவார். யாருக்கும் இது தப்பாகத் தோன்றியதில்லை.

அவருக்கு மேல் அம்பைச் சொல்லிக்கொடுத்தவன் நான். "அவங்க அடிச்சதெல்லாம் வரும் சார். நீங்க டைப் பண்ணவே வேணாம்." நல்ல பேர் வாங்கப் பார்த்தேன்.

ஒரு நாள் அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். பிரிண்ட் எடுக்க சார் உட்கார்ந்தார். மேல் அம்பை நாலைந்து தட்டு. வந்த வரியைப் படிக்காமலே என்டர்.

அது பிரிண்ட் வரி இல்லை. வேண்டாத ஃபைல்களை ஒட்டுமொத்தமாக அழிக்க முந்தின நாள் புஷ்பா, ஃபைல்களை வைக்கும் வேறொரு டைரக்டரியில் அடித்த வரி. இப்போது அது ஓடியது மழைக் கணக்கு இருந்த டைரக்டரியில்.

இரண்டு வருஷ டைப்பிங் சத்தமில்லாமல் போனது. பேக்கப் எடுக்க டேப் கேட்டிருந்தாள், யாரும் வாங்கித் தரவில்லை. சார் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டு, அதுவரை அடித்த வரிகளின் பட்டியலான ஹிஸ்டரியைக் காட்டினார்.

"ஓம் லாகின்லதான கெடக்கு. மெஷின் பொய் சொல்லுமா?"

"அது நேத்து அடிச்சது சார். வேற எடத்துல அடிச்சேன்."

"ரெண்டு தடவ கெடக்கே."

"அதான் சார் எனக்கும் வெளங்கல..." என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க இங்கனதான இருந்தீங்க? ஏஞ் சீட்டுல யாரு ஒக்காந்தா?"

சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நோட்டு அடுக்கிட்டு இருந்தேன்... கவனிக்கல."

அவள் மேஜையில் விரித்திருந்த நோட்டை மூடி என் பக்கம் தள்ளி வைத்தாள்.

அந்த வாரமே அவளை இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். தம்பியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினாளாம். முதலில் ஒரு நாடு அனுப்பியது, பிறகு இந்த ஆபீஸ்.

இப்போது ஹிஸ்டரியில் ஒவ்வொரு வரிக்கும் தேதியும் நேரமும் விழுகிறது. அவரவர் லாகினில்தான் அவரவர் உட்கார வேண்டும், அறைக்கொரு கேமரா. இதெல்லாம் அன்று இருந்திருந்தால் அந்தப் பெண் தப்பித்திருப்பாள் என்றார் ஒரு நண்பர்.

இருக்கலாம். ஆனால் சாட்சி அன்றைக்கும் இருந்தது. நாலடி தள்ளி, நோட்டு அடுக்கிக்கொண்டு.

அழிந்ததையெல்லாம் மறுபடி டைப் செய்ய ஆள் வேண்டியிருந்தது. அவளுக்கு வரவேண்டிய நிரந்தர வேலை எனக்கு வந்தது.

வாங்கிக்கொண்டேன்.