'ரேவல்' என்ற சொல்லும் என் கட்டைவிரலும்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே சாமான் கிடங்கில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய இங்கிலீஷ் எண்ணெய் போட்ட சக்கரம். என்னுடையது மேட்டில் ஏறும் கூட்ஸ் வண்டி. துரை எப்போதும் அவர் எழுதிய கடிதத்தில்தான் கையெழுத்துப் போடுவார். ஒரே ஒரு தடவை நான் எழுதியதில் போடமாட்டாரா என்று எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலை அணைக்கவே தினமும் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

ஒரு நாள் கிள்ளான் கிடங்கிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம்: சாக்குத் தைக்கும் சணல் நூல் 'ரேவல்' ஆகி வந்திருக்கிறது, என்ன செய்ய? துரை எங்கள் இருவரையும் பதில் எழுதச் சொன்னார். நல்லதில் கையெழுத்துப் போடுவாராம்.

"இழை பிரிஞ்சு போச்சு எண்டு அர்த்தம், ஐசே. இனி உதவாது. எறியச் சொல்லி எழுத வேணும்" என்றார் அவர்.

"இல்லீங்க, சிக்கு விழுந்துருச்சுன்னு அர்த்தம். சிக்கெடுத்தா ஆச்சு."

"உமக்கு ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அவர் கிழக்கு என்றால் நான் மேற்கு, அவ்வளவுதான்.

ஓடிப்போய் இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினேன். 'சிக்காக்கு' என்று இருந்தது. துள்ளினேன். அதற்குக் கீழேயே 'சிக்கெடு, இழை பிரி' என்றும் இருந்தது! டச்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல்லாம். துணி ஓரத்தில் பிரிந்த இழை தானே போய்ச் சிக்கிக்கொள்வதால், எதிரும் புதிருமான இரண்டுக்கும் ஒரே பெயர் போலிருக்கிறது.

இரண்டாவது பொருளைக் கட்டைவிரலால் மூடியபடி துரையிடம் நீட்டினேன்.

"விரலை எடு" என்றார். படித்துச் சிரித்தார். நூலை நேரில் பார்த்து வரும்படி என்னைக் கிள்ளானுக்கு அனுப்பினார்.

அங்கே நூல் காக்கைக் கூடு மாதிரி சிக்கிக் கிடந்தது.

"நான் ஜெயிச்சுட்டேன்லா!" என்று கத்தினேன்.

"ரொம்ப சந்தோசம் அண்ணே" என்றார் கிடங்குக்காரர். "சிக்குன்னா நீங்களே எடுத்துட்டுத்தான் திரும்பணும்னு துரை போன்ல சொல்லிட்டாரு. உக்காருங்க."

மூன்று நாள் தரையில் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். திரும்பியபோது 'சிக்கெடுக்க ஆள் அனுப்பியிருக்கிறோம்' என்று கிள்ளானுக்குப் பதிலை அந்த யாழ்ப்பாணத்துக்காரரே எழுதி, துரையும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். நகலை எடுத்து, ஓர் எழுத்துப் பிழையாவது இருக்காதா என்று மூன்று முறை படித்தேன்.

இல்லை.