டிகாஷன் நிறம்

செம்பாக்கத்தில் குடியிருந்தபோது என் ரத்த அணுக்கள் எல்லாமே குறைந்துகொண்டு வந்தன. இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை எடுத்துப் பார்த்த இரண்டு டாக்டர்களும் ஆளுக்கொரு நோயின் பெயரைச் சொன்னார்கள். மூன்றாவதாகப் போன டாக்டரம்மா ஃபைலை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "காலைல எழுந்ததும் யூரின் என்ன கலர்ல போகுது?"

"காப்பி டிகாஷன் மாதிரி. மத்தியானத்துக்குள்ள சரியாயிடும். சூடுதானே டாக்டர்? வாராவாரம் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறேன்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

"சூடு இல்லம்மா, ரத்த அணு உடைஞ்சு யூரின்ல அந்தக் கலர் வருது. அவங்க சொன்னது இல்ல, இது வேற நோய், வேற வைத்தியம்" என்று வேறொரு டெஸ்ட் எழுதினார். அவர் சொன்னதுதான் என்று ரிசல்ட் வந்தது.

எனக்குக் கோபமாக வந்தது. எலும்புவரை குத்திப் பார்த்தார்களே, இதை ஒருத்தராவது கேட்டாரா? சூட்டுக்கெல்லாம் டாக்டரா என்று நினைத்து நானும்தான் வாயைத் திறக்கவில்லையே!