கை நனைத்துவிட்டுப் போன கோச்

அவர் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். அதுவும் கையால். பெப்ரவரி மாதம், ஜன்னலுக்கு வெளியே பனி பக்கவாட்டில் பறந்துகொண்டிருந்தது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில், எங்கள் குசினி மேசையில், எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார மனிதர் கத்தரிக்காய்ப் பால்கறியைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தார். பிசையத் தெரியவில்லை, விரலிடுக்கால் வழிந்தது. அதைப் பார்த்து உருகிப்போன என் மனைவி இன்னும் ஓர் அகப்பை வைத்தாள். நாங்கள் பிழை விட்டது அந்த அகப்பையில்தான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

அவர் ஒரு சின்னக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்துக் கோச். பெரிய கல்லூரிகளின் ஆட்கள் விமானத்தில் வருவார்கள், ஹோட்டலில் நிற்பார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். இவர் தன் பழைய வான் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார், பின் இருக்கை முழுக்கப் பந்துகளும் ஈரத் துவாய்களும். மகள் அப்போது செஜெப்பில் கடைசி வருடம், அதாவது உயர்பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இங்கே இருக்கிற அந்தக் கல்லூரியில். அவளுடைய ஆட்டத்தை முதலில் ஃபோனில் துண்டு துண்டாகப் பார்த்து, பிறகு நேரில் வந்து பார்த்து, கடைசியில் வீட்டுக்கும் வந்துவிட்டார். வீட்டைப் பார்த்தால்தான் பிள்ளையை விளங்கும் என்றார். பாருங்கள், இது எங்களுடைய ஆட்கள் சொல்லுகிற பேச்சல்லவா? என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் மச்சானைப் பார்த்தேன்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற புரோசார்டிலிருந்து கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மொன்றியலில் எத்தனையோ கலியாணங்களைப் பேசி முடித்தவர். சபைக்கு ஒரு பெரிய ஆள் வேண்டும் என்று மனைவிதான் கூப்பிட்டாள். "நெட்போல்தானே?" என்று அவர் கேட்க, "கூடைப்பந்து, மாமா. நெட்போல் வேற," என்று மகள் சொல்ல, "எல்லாம் வளையத்துக்குள்ள போடுறதுதானே பிள்ளை," என்று முடித்துவைத்தார்.

கோச் நல்ல மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும். பந்தை முன்னே கொண்டுபோகிற ஒரு பிள்ளையைத்தான் தேடுகிறோம், உங்கள் மகளைப் போல ஒருத்தியை, படிப்புச் செலவையும் கல்லூரி பார்க்கும் என்றார். கல்லூரியின் பெயர் போட்ட ஒரு தடித்த மேற்சட்டையை அவள் கையில் கொடுத்தார், அளவு சரியாக இருந்தது. கதவடியில் குனிந்து சப்பாத்தை இழுத்து மாட்டும்போது, "வசந்தத்தில் எல்லாம் தெளிவாகும், அதுவரை தொடர்பில் இருப்போம்," என்று சொன்னது எனக்கு இப்போது துல்லியமாகக் கேட்கிறது. அந்த நேரத்தில் கேட்கவில்லை. மச்சான் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், மனைவி கறியைப் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், நான் வெறுமனே சிரித்துக்கொண்டு நின்றேன்.

வான் போனதும் மச்சான் கதிரையில் சாய்ந்தார். "கை நனைச்சாச்சு. இனியென்ன?"

"என்ன மாமா?"

"பொம்பிளை பாக்க வந்தவன் மனசில்லாட்டி வாய் நனைப்பானே பிள்ளை? தேத்தண்ணியோட எழும்பியிடுவான். இவன் ரெண்டாந்தரமும் போட்டுத் திண்டவன். விசயம் முடிஞ்சுது."

"அவருக்குப் பசி, மாமா. அவ்வளவு தூரம் டிரைவ் பண்ணி வந்தவர்."

"பசியெண்டா வழியில பூட்டீன் கடை இல்லையோ?"

எல்லோரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எல்லாம் முடிவாகிவிட்டது. அடுத்த ஞாயிறு கோயிலில் மனைவி வாயைத் திறந்தாள். அந்தக் கிழமைக்குள் புரோசார்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. மரக்கறிக் கடையில் எடை போடுகிற அண்ணை, "மகள் அமெரிக்காவுக்காம்!" என்று ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா போட்டுவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மகள் மட்டும் சொல்லிப் பார்த்தாள். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் விளையாடாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம், இப்போது அது இல்லையாம். விலகப்போகிறவர்கள் ஓர் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுவிட்டால் போதும், எந்தக் கோச்சும் கூப்பிடலாம். வசந்தம் வந்தால் அந்தக் கதவு திறக்கும். "சின்ன இடத்தில நல்லா விளையாடுறவையை மேல இழுத்திடுவினம், அப்பா. மேல இடம் கிடைக்காதவை கீழ வருவினம். அவைக்கு வயசும் கூட, பலமும் கூட. சின்னக் கொலிஜ் கோச்மார் எங்களை மாதிரி ஆக்களை எடுத்து வளக்கிறதை விட, அவைக்காகப் பாத்துக்கொண்டிருப்பினம்." எனக்கு இது ஆறு மேல்நோக்கியும் ஓடுகிறது என்று சொல்வதைப் போலிருந்தது. "உனக்குச் சட்டை தந்தவர்தானே?" என்றேன்.

மார்ச்சில் ரொக்ஸ்பரோவில் ஒரு பள்ளி மண்டபத்தில் ஆட்டம். முடிந்ததும் ஒரு கியூபெக் பெண்மணி என்னிடம் வந்தார். இந்த நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கோச். மகள் உயர்பள்ளியில் விளையாடிய காலம் தொட்டு இவளைப் பார்த்துவருபவர், குளிர்கால முகாமில் இவளுடைய எறிகையைத் திருத்திவிட்டவரும் அவர்தான். தன் அணியில் ஓர் இடம் இருக்கிறது, வந்து பேசுவாளா என்று பிரெஞ்சில் கேட்டார். மகள் தோளில் பையோடு, வியர்வை காயாமல், பக்கத்தில் நின்றாள். அவள் வாயைத் திறக்கப்போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் முந்திக்கொண்டேன். என்னிடமிருந்த பிரெஞ்சையெல்லாம் கூட்டிப் பொறுக்கிச் சொன்னேன்: வேறோர் இடத்தில் பேசி முடித்துவிட்டோம், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பேசுவது எங்கள் வழக்கமில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். "அப்படியா?"

"ஓம்" என்பதை மகள் பிரெஞ்சில் மிக மெதுவாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் சூடு வர நேரமெடுத்தது. "அப்பா, இது கலியாணம் இல்லை."

"எல்லாம் ஒண்டுதான். சொல்லெண்டாச் சொல்."

"நான் ஒருத்தருக்கும் சொல் குடுக்கேல்லை."

"வீட்டில நாங்கள் குடுத்தனாங்கள்."

அவள் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்து வெளியே பார்த்தாள். எனக்கு அப்போது உள்ளே ஒரு பெருமை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நாணயமான குடும்பம் என்று அந்தப் பெண்மணி நினைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஏப்ரலில் பனி உருகி, குளிர்காலம் முழுக்க மூடிவைத்திருந்த குப்பையெல்லாம் தெருவில் வெளித்தெரியத் தொடங்கிய ஒரு பின்னேரம் கோச் கூப்பிட்டார். மகள் குசினியில் நின்று பேசினாள். அவள் முகம் மாறவில்லை, குரலும் மாறவில்லை, ஒரு கை மட்டும் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே போனது. பெரிய அணி ஒன்றிலிருந்து விலகிய ஒருத்தி அவருக்குக் கிடைத்துவிட்டாளாம். ஏற்கனவே கல்லூரியில் ஆடிப் பழகியவளாம். மகள் விரும்பினால் சொந்தச் செலவில் வந்து அணியோடு பயிற்சி செய்யலாம், அதற்கு மேல் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

நான் ஃபோனை வாங்கினேன். வாங்கினேன் என்ன, பறித்தேன். பறித்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

"நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்கள்."

அவர் மிகுந்த மரியாதையோடு, "ஆம் ஐயா, அருமையான சாப்பாடு. உங்கள் மனைவிக்கு இன்னொரு முறை நன்றி சொல்லுங்கள்," என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார். நான் எதைச் சொல்கிறேன் என்று அந்த மனிதருக்கு விளங்கவேயில்லை. தன்னுடைய அணிப் பிள்ளைகளும் இந்த வசந்தத்தில் தன்னைவிட்டு மேலே போய்விட்டார்கள், தோற்றால் தன் வேலையும் போய்விடும் என்று அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் வைத்தபடி நின்றேன். மகள் ஃபோனை என் கையிலிருந்து மெல்ல எடுத்தாள். "மன்னியுங்கள், அப்பாவுக்குக் கவலை. நீங்கள் நேரே கூப்பிட்டுச் சொன்னதற்கு நன்றி," என்றாள். இடத்தை இழந்தவள் அவள். மன்னிப்புக் கேட்டவளும் அவள். நான் கத்தியிருந்தால்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

"வழக்குப் போட ஏலாதோ?" என்று மச்சான் புரோசார்டிலிருந்து ஃபோனில் கேட்டார்.

"எதுக்கெண்டு போடுறது, அண்ணை? கத்தரிக்காய் திண்டதுக்கோ?" என்று மனைவி கத்திவிட்டு, பிறகு குசினித் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று எங்களுக்குத் தெரியக்கூடாதாம்.

கடைக்குப் போகாமல் விட்டேன். கறிவேப்பிலைக்குப் பயந்து ஒரு மனிதன் கடை இருக்கிற ஜான்-தாலோன் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போவானா? போனேன்.

மே மாதத்தில் ஒருநாள், வீட்டில் சொல்லாமல், அந்தக் கியூபெக் கோச்சைத் தேடிப்போனேன். பல்கலைக்கழக மண்டபத்தில் சப்பாத்துகள் கீச்சிட்டன. தரை பளபளத்தது, அதில் என் உருவம் தலைகீழாகக் கூடவே நடந்துவந்தது. மகளுக்கு அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லை ஐயா," என்றார். கடலோர மாகாணத்துச் சின்னப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு வீராங்கனை மாறிவந்துவிட்டாளாம். "வசந்தம் வந்தால் எல்லோரும் இடம் மாறுகிறார்கள். என்னிடமிருந்தும் ஒருத்தி போனாள்." பிறகு கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தார். "உங்கள் மகள் போன கிழமை வந்தாள். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

"அன்றைக்கு ஏன் அப்படி என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லத் தனக்குப் பயமாக இருந்ததாம், அதனால் உங்களைச் சொல்லச் சொன்னாளாம். உண்மையா?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அந்த நொடியில் எங்கோ ஓடிவிட்டது. தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் ஆச்சரியப்படவில்லை. நான் முந்திக்கொண்டதை அவரும் பார்த்திருக்கிறார். "நான் எடுத்த பிள்ளை விட்டுவந்த அணியின் கோச்சிடம் உங்கள் மகளின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். அங்கே இப்போது இடம் காலியாக இருக்கும். என்னால் முடிந்தது அவ்வளவுதான்," என்றார். மெர்சி என்று நன்றி சொன்னேன். கதவைத் தள்ள வேண்டிய இடத்தில் இழுத்துக்கொண்டு நின்றேன்.

ஜூனில் ஒரு வெக்கையான பின்னேரம், வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், மகள் குசினியில் ஃபோனோடு இருக்கிறாள். அந்தக் கடலோரத்துக் கோச்சோடு ஆங்கிலத்தில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். சொந்த வீட்டில், தன்னுடைய எதிர்காலத்தைப் பேச, என் பிள்ளை என்னைக் கண்டு குரலைத் தாழ்த்தினாள். நான் கழற்றிய சப்பாத்தை மறுபடி போட்டுக்கொண்டு, கதவை வெளியிலிருந்து சாத்தி, வெளிப்படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். சத்தமாகப் பேசட்டும் என்றுதான் போனேன். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது.

"உங்களிடம் மறைக்கவில்லை, இன்னோர் இடத்திலும் பேசிக்கொண்டிருக்கிறேன்," என்றாள். எத்தனை நிமிடம் ஆடலாம், யார் படிப்பிப்பார்கள், பனியில் பேருந்து ஓடுமா என்றெல்லாம் கேட்டாள். நன்றாகக் கேட்டாள். நான் கேட்டிருக்க மாட்டேன். பிறகு, "அந்த இடத்தை வேறு யாருக்காவது சொல்லி வைத்திருந்தீர்களா?" என்றாள்.

கீழே கடைக்காரர் மாம்பழப் பெட்டிகளை இழுக்கும் சத்தம். எதிர் பல்கனியில் யாரோ துணி உதறினார்கள்.

"எத்தனை வயது?" என்றாள் மகள்.

பிறகு, "அவளுக்குச் சொல்லிவிட்டீர்களா?"

நான் எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கலாம். திறந்து என்ன சொல்வது? வேண்டாம் என்றா? எங்கோ கடற்கரையில் ஒரு வீட்டில், அந்த இடத்தை நம்பிய இன்னொரு பிள்ளையின் தகப்பன், அவர்களுடைய மேசையில், அவர்களுடைய மீனை இந்தக் கோச்சுக்குப் பரிமாறியிருப்பான். எனக்கு அவனைத் தெரியும். அவனைத் தெரிந்துகொண்டே, என் பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடாதே என்று படியின் இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி," என்றாள் அவள். "நான் வருகிறேன்."

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். "கிடைச்சிட்டுது, அப்பா."

"சந்தோசம்."

"கேட்டுக்கொண்டோ இருந்தனீங்கள்?"

"இல்லை. இஞ்ச காத்துக்கு வந்தனான்."

அவள் என்னை நம்பவில்லை, ஆனால் நம்பியவளைப் போலத் தலையசைத்தாள். "மாமாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"சொல்லமாட்டன்."

கொஞ்சம் தள்ளி இருக்கச் சொன்னாள். நகர்ந்து இடம் கொடுத்தேன். அந்த ஒடுங்கிய படியில் இருவரும் முட்டிக்கொண்டு உட்கார்ந்து, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல்.