இரண்டு தடவை அடித்து நிற்கும் மணி

அந்தத் தெருவில் அவளுக்குப் பொத்தான்காரம்மா என்று பேர். துணிக்கடையிலிருந்து மூட்டையாக வரும் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக் கொடுப்பவள். முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில், ஒரே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தாள். தையல் மேசையின் இடது ஓரத்தில், உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரத்தில், தொலைபேசி இருந்தது.

அவளுக்கென்று இருந்தது ஒரே தம்பி. லாரி ஓட்டுபவன். இன்ன கம்பெனி என்று கிடையாது. எந்த வண்டிக்கு ஆள் வேண்டுமோ அந்த வண்டி. சின்ன வயதிலிருந்தே திக்குவாய். அக்காவிடம் நேரில் பேசும்போதுகூட முதல் எழுத்து வெளியே வர அடம்பிடிக்கும். தொலைபேசியில் ஒரு சொல்லும் வராது. செல்போன் வாங்கச் சொன்னபோது, "நா... நான் பேசி முடிக்கிறதுக்குள்ள எதிர்ல இருக்கிற ஆளு தூங்கிடும்க்கா" என்று சிரித்தான்.

அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சரக்கோடு போன ஊரைச் சேர்ந்ததும் அங்கே ஏதாவது ஒரு கடையிலிருந்து அக்கா நம்பருக்குப் போடுவான். மணி இரண்டு தடவை அடிக்கும், வைத்துவிடுவான். பத்திரமாகச் சேர்ந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவள் எடுக்கவில்லை என்றால் வீட்டில் எல்லாம் நலம் என்று அவனுக்குத் தெரியும். நாட்காட்டியில் அன்றைய தேதிக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மறுபடி ஊசியை எடுப்பாள். மாதத்துக்கு ஆறு, ஏழு புள்ளிகள் விழும்.

பதினேழு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் எடுத்தாள். அம்மா இறந்த அன்று, முதல் மணியிலேயே எடுத்துக் காதில் வைத்தாள். அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. மறுநாள் காலை வாசலில் வந்து நின்றான்.

வீட்டுக்காரர் வீட்டை விற்றார். வாங்கியவர் இடித்துக் கட்டப்போகிறார் என்று இருபது நாள் கெடு கொடுத்தார். அந்த இருபது நாளில் நான்கு தடவை மணி அடித்தது. எடுத்துச் சொல்லிவிடலாமா என்று நான்கு தடவையும் கை போனது. ஆனால் எடுத்த நொடியே அவன் வைத்துவிடுவான். யாருக்கு என்னவோ என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு பதறி ஓட்டி வருவான். வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? தொலைபேசி அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கியவரும், "அதே நம்பர் உங்க கூடவே வந்துடும், ஒரு வாரம்தான்" என்றார். சரி, நம்பர்தான் கூட வருகிறதே என்று கையை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் தேதி, புதன்கிழமை, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு மாடி அறைக்குக் குடிபோனாள். பழைய வீட்டுக் கதவில் புது விலாசத்தை எழுதி நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டினாள்.

ஒரு வாரம் கழிந்தும் லைன் வரவில்லை. பன்னிரண்டாம் தேதி அலுவலகத்துக்குப் போனாள். இந்த முறை வேறொரு எழுத்தர் இருந்தார்.

"ரயில் பாதை தாண்டினா வேற எக்ஸ்சேஞ்ச்சும்மா. புது நம்பர்தான். கவலையே வேணாம். பழைய நம்பருக்கு யார் போட்டாலும் மிஷினே எடுத்துப் புது நம்பரைச் சொல்லிடும்."

"மிஷின் எடுக்குமா?"

"ஒரே மணியில எடுத்துடும். எங்களை மாதிரி டீ குடிக்கல்லாம் போகாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எடுக்கக் கூடாது சார். எடுத்தா என் தம்பி வச்சிடுவான்."

"எடுக்கக் கூடாதுன்னா போன் எதுக்கும்மா? அலமாரியில வச்சு அழகு பாக்கவா?"

"எப்பலேருந்து எடுக்கப் போகுது?"

அவர் பேரேட்டைப் புரட்டினார். "பத்தாம் தேதியே போட்டாச்சே."

அவள் பிடித்துக்கொள்ள எதையோ தேடி, கடைசியில் கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பெரிய அதிகாரியம்மாளின் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நம்பர் மாறும்னு முதல்லயே சொல்லியிருந்தா சொல்லியிருப்பேனே மேடம்."

அன்று மாலையே மிஷினை நிறுத்தினார்கள். பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்தே தனிக் கம்பி இழுத்து அதே நம்பரைத் தருவதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். கம்பி வர இருபத்தொன்பதாம் தேதி ஆனது. அதற்குள் மூன்று தடவை லாரி நிற்கும் இடத்துக்குப் போய் விசாரித்தாள். "பேசாத டிரைவரா? அப்படி ஒருத்தன் கிடைச்சா நானே விடமாட்டேனேம்மா" என்றார் அங்கிருந்த மேஸ்திரி. ஒருவருக்கும் அவனைத் தெரியவில்லை.

லைன்மேன் கம்பத்தின் மேலிருந்து போட்டுப் பார்த்தார். மணி அடித்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எடுங்கம்மா!" என்று கத்தினார்.

"மூணாவது அடிக்கட்டும்."

"மணிக்கெல்லாமா நல்ல நேரம் பாப்பாங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

அடுத்த பதினைந்து நாளும் நாட்காட்டியில் ஒரு புள்ளியும் விழவில்லை. பதினாறாம் நாள் பழைய தெருவுக்குப் போனாள். வீடு இருந்த இடத்தில் செங்கல் குவியல் கிடந்தது. எதிரே தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரர், தெருவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆனவர், அவளைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வாங்க அக்கா. உங்களைத் தேடி யாராவது வந்தாங்களானு கேக்கத்தானே வந்தீங்க? ஒருத்தர் வந்தாரு. காக்கிச் சட்டை, நல்ல உயரம்."

"என் தம்பிதான். எப்ப வந்தான்?"

"இடிக்க ஆரம்பிச்சதுக்கு மறுநாள். போன மாசம் பதிமூணு."

அவள் கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு மறுநாள்.

"கதவுல விலாசம் ஒட்டியிருந்தேனே!"

"ஆளுங்க முதல்ல கழட்டினதே கதவைத்தானே அக்கா. அன்னைக்கே வண்டியில ஏத்திட்டாங்க. அவரு கதவில்லாத வாசலைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. யாரு வேணும்னு கேட்டேன். வாயைத் திறந்தாரு... ஒண்ணும் வரல. தொண்டை மட்டும் ஏறி இறங்குச்சு. கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு உங்க தம்பின்னு தெரியாதே அக்கா."

அவள் குனிந்து, தேய்த்து அடுக்கியிருந்த சட்டைகளில் மேலே இருந்ததைத் தொட்டாள். அவள் தைத்த பொத்தான்கள். ஒன்று தளர்ந்திருந்தது.

அம்மா இறந்த அன்று போலவே முதல் மணியிலேயே எடுத்த போன், வந்து பார்த்தால் கதவில்லாத வீடு. அவனைப் பொறுத்தவரை அக்கா இப்போது இல்லை. செத்துப்போனவள் நம்பருக்கு எந்தத் தம்பி போன் போடுவான்?

இது நடந்து பதினோரு மாதம் ஆகிறது. லைனை அவள் துண்டிக்கவில்லை. எப்போதாவது மணி அடிக்கும், சட்டை அனுப்பும் துணிக்கடைக்காரராகத்தான் இருக்கும்.

"ஏம்மா, போனை எடுக்க இவ்வளவு நேரமா?"

"உக்காந்த இடத்துலேருந்து எழுந்து வரணும்ல அண்ணே. முட்டி வலி."

தொலைபேசி இப்போதும் தையல் மேசையின் இடது ஓரத்தில்தான் இருக்கிறது, உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரத்தில். மூன்றாவது மணி அடிக்கும்வரை அவள் கையை நீட்டுவதில்லை.