சிறகு சுருண்ட சாட்சி

பூச்சிக்கு மருந்தடிக்கிற மருந்துக்காரர் தெருவில் இறங்கினால் கரப்பான்பூச்சிகள் மீசையை மடக்கிக்கொண்டு வழிவிடும். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், மீசையை மடக்கியதில்லை.

கொல்லுகிற மருந்தை அடித்து அடித்து அலுத்துப்போய், வளர்ச்சியைக் கெடுக்கிற மருந்துக்கு மாறியிருந்தார். இதில் பூச்சி உடனே சாகாது. குஞ்சு பெரிதாகும்போது சிறகு சுருண்டுபோகும். அப்படிச் சுருண்டது முட்டையிடாது, வம்சம் அதோடு நிற்கும். ஏற்கெனவே பெரிதானவை வயதாகி, ஆசாபாசமெல்லாம் தீர்ந்து, தாமாகவே போய்ச்சேரும். அதுவரை வீட்டுக்காரர் பொறுத்திருக்க வேண்டும். அப்படிப் பொறுத்தவரை அவர் இன்னும் சந்திக்கவில்லை.

விடுதிச் சமையலறைதான் அவருடைய பெரிய வேலை. அது கைவிட்டுப் போனால் அந்தத் தெருவே கைவிட்டுப் போகும். முதலாளியம்மா கறாராகக் கேட்டுவிட்டார்.

"மாசக்கணக்காச்சு. எல்லாம் ஜம்முனு உலாத்துது. நீங்க வைக்கிறது மருந்தா, சத்து டானிக்கா?"

"வேலை செய்யுதும்மா. சிறகு சுருண்டு போயிருக்கும், பாருங்க."

"எங்க, காட்டுங்க. நாளைக்குக் காட்டலைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை அவர் பாத்திரத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துத் தேடினார். ஆயுள் முழுக்கப் பூச்சியே வரக்கூடாது என்றிருந்த மனிதர், ஒன்றாவது வராதா என்று ஏங்கினார். வந்ததெல்லாம் வழவழவென்ற சிறகோடு, மாப்பிள்ளை மிடுக்கோடு வந்தது.

"என்னண்ணே, தூக்கமா?" என்றார் சமையல்காரர், கையில் செருப்போடு.

"சிறகு சுருண்டது ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

"படாம என்ன? அதுங்கதானே மெதுவா நடக்குது. பாத்த உடனே ஒரே போடு. உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான்."

மருந்துக்காரர் எழுந்த வேகத்தில் தொட்டியில் தலை இடித்தது. "யோவ், அது என் சாட்சிய்யா!"

செருப்பைப் பிடுங்கிக்கொண்டார். வாசலில் முதலாளியம்மாவின் குரல் கேட்டது. அதே நேரம் மாவு டப்பாவின் மேல் ஒன்று ஆடி அசைந்து ஏறியது. சிறகு நனைந்து காய்ந்த காகிதமாகச் சுருண்டிருந்தது. மருந்துக்காரருக்குக் கண் கலங்கியது.

மாலையில் சமையல்காரரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து மனைவியிடம் சொன்னார்: "கிட்ட வந்து பாத்தாங்க முதலாளியம்மா, அசந்துட்டாங்க. இனிமேலும் வேலைய நீங்களே பாருங்கன்னு என் கையப் பிடிச்சுக் குலுக்கினாங்க."

"குலுக்கல, அண்ணி," என்றார் சமையல்காரர், டீயை ஊதியபடி. "நீங்களே பாருங்கன்னது நிஜம். ஆனா பூச்சி அவங்க கைமேல ஏறிடுச்சு, உதறினாங்க. அது அண்ணன் சட்டைப்பையில போய் விழுந்துச்சு. இன்னும் அங்கதான் இருக்கணும்."